உடம்புக்கும் ஒரு சேமநிதி

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில், கிளைப் பொருளாளரான தோட்டக் கிராணியார் ஆற்றிய உரை)



கிளைக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர், லோரி என்று பேசுவதே நம் வழக்கம். இம்முறை செயற்குழு நம்மை அழைத்து, உடம்பைப் பற்றி அரைமணி நேரம் பேசும்படி பணித்துவிட்டது. பெரட்டுக் களத்தில் இச்செய்தி பரவியதும், "கிராணியார் எப்போது டாக்டரானார்?" என்று சிலர் சிரித்தது நம் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். நாம் டாக்டரும் அல்லோம், டிரெசரும் அல்லோம். தமிழ்ப் பள்ளியில் படித்து, செக்ரோல் எழுதப் பழகிய கணக்குப் பேர்வழிகள். நமக்குத் தெரிந்ததெல்லாம் வரவும் செலவும்தான். ஆகவே இன்றைக்கும் கணக்குத்தான் பேசப் போகிறோம்.

நம் தோட்டத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பால் மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலருக்கு அவர் அண்ணன், சிலருக்கு மாமா. பெரட்டுக்குத் தவறாதவர். அவர் வெட்டிய பட்டையில் தேடினாலும் காயம் கிடைக்காது. அறுபது வயதில் ஓய்வு பெற்றார். சேமநிதித் தாள்களை எழுதிக் கொடுத்தவர்கள் நாம்தாம். மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு, வாசலில் இரண்டு முருங்கை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

எட்டு மாதம் கழித்து அவருடைய வலது பாதத்தில் ஒரு முள் குத்தியது. அது அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் அந்தக் காலோடு நடந்தார். நாற்றம் எடுத்த பிறகுதான் மருமகள் பார்த்தார். ஆஸ்பத்திரியில், முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். இனிப்பு நீர் அவருக்கு எத்தனை ஆண்டுகளாக இருந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாளும் அவர் சோதித்துப் பார்த்ததில்லை. நாம் பார்க்கப் போனபோது, போர்வைக்குள் கால் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வலிச்சிருந்தா போயிருப்பேனே, தம்பி."

தோழர்களே, அந்த ஒரு வார்த்தைதான் நம்மை இந்த மேடைக்கு அழைத்து வந்தது. இரத்தத்தில் சீனி பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால் கால் நரம்புகள் செத்துப்போகின்றன. குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்துவிடுவதால் புண் ஆறாது. வலித்தால் போகலாம் என்று காத்திருப்பவனுக்கு இந்த நோய் பல வேளைகளில் வலியைக் கொடுப்பதில்லை. இரத்தக் கொதிப்பும் அப்படியே. கொழுப்பும் அப்படியே. மூன்றும் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்து உட்காரும் விருந்தாளிகள்.

இது ஒரு பெரியவரின் தலைவிதி என்று ஒதுக்கிவிட முடியாது. மலேசிய அரசாங்கம் 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 31.4 பேர். இந்த மண்டபத்தில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சிகளை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ பெஞ்சிக்கு ஒருவர்! நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்ததும் இதே நோய்தான்.

இனி, தலைப்புக்கு வருவோம். ஊழியர் சேமநிதி நம் நாட்டில் 1951ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அது எப்படி வளர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மாதந்தோறும் நம் சம்பளத்தில் நூற்றுக்குப் பதினொன்று பிடிக்கிறோம். ஐயாயிரம் வெள்ளிக்கு உட்பட்ட சம்பளமானால், முதலாளி தம் பங்காகப் பதின்மூன்று போடுகிறார். ஒரு மாதத்துப் பிடித்தத்தைப் பார்த்தால் அற்பம். முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தால் அதுவே ஒரு வீடு. உடம்பும் அத்தகைய நிதிதான். அதிலும் இரண்டு பங்கு உண்டு. ஒன்று நாம் அன்றாடம் போட வேண்டியது. மற்றொன்று நிர்வாகம் போட வேண்டியது. இரண்டில் ஒன்று நின்றாலும் கடைசியில் கையில் வருவது வெறுங்காகிதம்.

தனியார் துறையில் ஓய்வு வயது அறுபதுக்குக் குறையக்கூடாது என்ற சட்டம் 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சங்கங்கள் பல்லாண்டுகள் கேட்டுப் பெற்ற உரிமை அது. ஐந்து ஆண்டு கூடுதலாக வேலை செய்யும் உரிமையை வாங்கினோம். ஆனால் அறுபதுக்குப் பிறகு சொந்தக் காலில் நின்று வாழும் ஆண்டுகளை எந்தச் சட்டமும் வாங்கித் தராது. அதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"அந்தக் காலத்து ஆட்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் ஏது?" என்று கேட்பவர் உண்டு. அந்தக் காலத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட நாளில் நம் முன்னோரைக் கொன்றது மலேரியாக் காய்ச்சல். கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் 1901ஆம் ஆண்டு முதல், சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். அன்றைய எதிரி கால்வாயிலும் குட்டையிலும் இருந்தான். இன்றைய எதிரி நம் கோப்பையிலும் தட்டிலும் இருக்கிறான். "எங்கள் பாட்டன் கள்ளும் குடித்தார், சுருட்டும் பிடித்தார், எண்பது வரை இருந்தார்" என்பதும் ஒரு வாதமாகச் சொல்லப்படுகிறது. எண்பது வரை இருந்த அந்த ஒருவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவரோடு கப்பலேறி வந்து நாற்பதில் மண்ணுக்குள் போனவர்களின் பெயரை எவர் எழுதி வைத்தார்? மிஞ்சியவரை மட்டும் எண்ணுவது கணக்காகாது.

இப்போது நம் பங்கைப் பார்ப்போம்.

முதலாவது, கோப்பை. காலை நாலரை மணிக்கு ஒரு கோப்பி. வெட்டு முடிந்து பசியாறும்போது ஒரு தே. பால் நிறுத்த பிறகு ஒன்று. மாலையில் கடையில் ஒன்று. டின் பாலில் ஏறத்தாழ பாதி சீனி. இரண்டு மேசைக்கரண்டி டின் பால் ஊற்றினால் இருபது கிராமுக்கு மேல் சீனி உள்ளே போகிறது. நான்கு கோப்பைக்கு எண்பது கிராம். உணவில் சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு ஐம்பது கிராமுக்குள் இருக்க வேண்டும், இருபத்தைந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சாப்பாட்டுக்கு முன்பே நம் கணக்கு நட்டத்தில் போய்விட்டது! ஒரே நாளில் கோசோங்காகக் குடியுங்கள் என்று சொல்லமாட்டோம். இந்த வாரம் டின் பாலை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றாக்குங்கள். அடுத்த மாதம் அரை. நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். இன்று கூட்டத்துக்கு வந்திருக்கும் தேத்தண்ணீரில் சீனி கலக்கவில்லை. சீனி தனிக் கிண்ணத்தில் இருக்கிறது. மாதர் பகுதியினரின் ஏற்பாடு அது. கோபமிருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், பார்ப்போம்!

இரண்டாவது, தட்டு. அரசாங்கக் கிளினிக்குகளில் "சுக்கு-சுக்கு-செபாரு" என்று எழுதிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். நம் சுக்கு அல்ல. மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு, செபாரு என்றால் பாதி. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நம் தட்டு எப்படி இருக்கிறது? முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் குழம்பு, மேலே இரண்டு துண்டு கருவாடு. காய்கறி விலை ஏறிவிட்டது என்பீர்கள். உண்மை. ஆனால் லயத்துக்குப் பின்னால் கங்கோங்கும் முருங்கையும் பசலையும் விலை கேட்பதில்லை. நம் பாட்டிமார் வைத்திருந்த தோட்டத்தை நாம்தான் சிமெண்டு போட்டு மூடினோம்.

உப்பும் அப்படியே. நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது அளவு. கருவாடு, ஊறுகாய், சோயா சாறு, பொட்டல மீ இவற்றில் மறைந்திருக்கும் உப்பும் அதில் சேர்ந்ததே. வெயிலில் வேர்க்கிறதே, உப்பு வேண்டாமா என்றால், வேர்ப்பவனுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். சாப்பாட்டில் வரும் உப்பே பெரும்பாலும் போதும். இரத்தக் கொதிப்புக்காரர் டாக்டர் சொல்லாமல் உப்பைக் கூட்டவே கூடாது.

மூன்றாவது, புகையும் வெற்றிலையும். இங்கிலாந்தில் 1951ஆம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கான டாக்டர்களின் புகைப் பழக்கத்தைக் குறித்து வைத்து, அரை நூற்றாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது: அறுபது வயதில் புகையை விட்டவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆயுள் கூடியது, ஐம்பதில் விட்டவருக்கு ஆறு, நாற்பதில் விட்டவருக்கு ஒன்பது, முப்பதில் விட்டவருக்குப் பத்து. "இவ்வளவு காலம் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன பயன்?" என்பவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. எந்த வயதில் விட்டாலும் மீதி கிடைக்கிறது. சீக்கிரம் விட்டவருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. தாய்மார்களே, வெற்றிலைக்கும் புகையிலைக்கும் வருவோம். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத பாக்குக்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிவித்தது. கல்யாணத் தாம்பூலத்தை நாம் குறை கூறவில்லை. நாள் முழுதும் கன்னத்தில் அடக்கி வைப்பதைத்தான் சொல்கிறோம். வாயில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ இருந்தால், வலிக்காவிட்டாலும் காட்டுங்கள். நினைவிருக்கட்டும், "வலிச்சிருந்தா..."

நான்காவது, குடி. இதைப் பேசினால் சிலர் எழுந்து போவார்கள் என்று தெரியும். எழுந்து போவதற்கு முன் ஒரு சரித்திரத்தைக் கேளுங்கள். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்கப்பட்டது எது தெரியுமா? தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். சம்பளத்தை ஒரு கையால் கொடுத்து மறு கையால் கள்ளுக்கடையில் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டை அவர்கள் கண்டுகொண்டார்கள். கள்ளுக்கடையை எதிர்ப்பது ஒழுக்கப் பாடம் என்று அவர்கள் எண்ணவில்லை. அது தொழிலாளர் உரிமை என்று எண்ணினார்கள். அவர்கள் மூடச்சொன்ன கடையைத் தேடி நாம் மோட்டார் சைக்கிளில் போகிறோம். இந்த அளவு வரை குடித்தால் கேடில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவித்துவிட்டது. சம்சுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விட முடியாதவரைச் சங்கம் இழிவாகப் பார்க்காது. கிளினிக்குக்குத் துணைக்கு வரும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உடம்பு நடுங்கும், வலிப்பும் வரலாம். ஆகையால் டாக்டரைக் கேட்டு விடுவதே முறை.

ஐந்தாவது, நடை. "விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான மரம் ஏறி இறங்கி வெட்டுகிறோம், எங்களுக்கு எதற்கு நடை?" என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. 1953ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் டாக்டர் ஜெரி மோரிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரே பஸ், ஒரே கம்பெனி. டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக வந்தது, வந்தாலும் பிந்தி வந்தது, கடுமையும் குறைந்திருந்தது. தோழர்களே, இந்தத் தோட்டத்தில் கண்டக்டர்கள் நீங்கள். டிரைவர்கள் ஆப்பீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாங்கள். கிராணிமார் பலருக்கு வயிறு மேசைக்கு முன்னால் போய் நிற்கிறது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு தொண்ணூறு சென்டிமீட்டரும், பெண்களுக்கு எண்பதும் தாண்டினால் ஆபத்து என்பது நம்மவர்க்கு வகுத்த அளவு. ஆப்பீஸ் ஊழியர் வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும். ஐந்து நாள், அரைமணி நேரம். மாலையில் பந்துத் திடலைச் சுற்றினாலே முடிந்தது.

ஆனால் வெட்டுக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. முதலாவது, எவ்வளவு நடந்தாலும் நாலு கோப்பை டின் பாலைக் கால் கரைத்துவிடாது. இரண்டாவது, ஓய்வு பெற்ற மறுநாள் உங்கள் நடை நின்றுவிடுகிறது. முப்பது ஆண்டு ஓடிய கால், தொலைக்காட்சிக்கு முன் நீட்டிப் படுத்துவிடுகிறது. தசை வேகமாகக் கரையும். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். ஓய்வுக்குப் பிறகும் மண்வெட்டி பிடியுங்கள், படியேறுங்கள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். காசில்லாத வைத்தியம் இது.

ஆறாவது, உறக்கம். இதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை, மரமே சொல்லும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஏன் வெட்டுகிறோம்? தினமும் ஓயாமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். மரத்துக்குக் கொடுக்கும் மரியாதையை நம் உடம்புக்குக் கொடுப்பதில்லை. நாலு மணிக்கு எழ வேண்டியவர் ஏழு மணி நேரம் உறங்க வேண்டுமானால் ஒன்பது மணிக்குக் கண்ணை மூட வேண்டும். பதினொன்று வரை கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கணக்கும் ஒத்துவராது.

ஏழாவது, கூட்டு. இது மருந்துக் கடையில் கிடைக்காதது. லயத்தில் ஒருவர் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போனபின், பெரியவர்கள் நாலு சுவருக்குள் அடைந்துவிட்டார்கள். தனிமையும் ஆயுளைக் குறைக்கும் என்று டாக்டர்கள் இன்று சொல்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்த மண்டபத்தின் கதவு திறந்தே இருக்கும். அவர்கள் வந்து தாயம் உருட்டட்டும், பிள்ளைகளுக்குக் கதை சொல்லட்டும், நம்மைத் திட்டட்டும், வந்தால் போதும்.

எட்டாவதும் முதன்மையானதும் சோதனை. நாற்பதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு மூன்றையும் பார்க்க வேண்டும். அழுத்தம் திரும்பத் திரும்ப 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால் இரத்தக் கொதிப்பு. வெறும் வயிற்றில் சீனி 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் இனிப்பு நீர். டாக்டர் மறுபடியும் பார்த்து உறுதி செய்வார். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. ஒரு பொட்டலக் கச்சானின் விலைகூட இல்லை. சொக்சோ 2013ஆம் ஆண்டிலும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 திட்டம் 2019ஆம் ஆண்டிலும் இலவசச் சோதனைகளைத் தொடங்கின. உங்களுக்குத் தகுதி உண்டா என்று ஆப்பீசில் வந்து கேளுங்கள். பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

நோய் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு மூன்று வார்த்தை. ஒன்று, மாத்திரையை நிறுத்தாதீர்கள். "மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்று தோட்டந்தோறும் ஒரு பேச்சு உலாவுகிறது. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கு அடங்காத சீனி. அதைக் காப்பதற்குத்தான் மாத்திரை. நாட்டு மருந்து சாப்பிடுவதானால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இரண்டு, மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வெட்டுக்குப் போகாதீர்கள். நிரையின் நடுவே சீனி இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், கண் இருளும். கையில் உளி இருக்கிறது! பையில் இரண்டு மிட்டாய் வையுங்கள். வெட்டுக்காரருக்குச் சாப்பாட்டு நேரம் வேறு என்று டாக்டரிடம் சொல்லி, மாத்திரை நேரத்தைக் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். மூன்று, மரப்பட்டையைப் பார்க்கிற அதே கண்ணால் இரவில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்க்கட்டும். நமக்குக் கால் போன பாடம் ஒன்றே போதும்.

இவ்வளவும் நம் பங்கு. முதலாளி பங்கு எங்கே என்று கேட்காவிட்டால் நாம் தொழிற்சங்கத்தார் அல்லோம். நல்ல பழக்கத்தை நம்மிடம் கேட்பவர், அதற்குரிய வசதியைத் தரக் கடமைப்பட்டவர். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்குப் பதினான்கு நாள்; இரண்டிலிருந்து ஐந்துக்குள் பதினெட்டு; ஐந்துக்கு மேல் இருபத்திரண்டு. டாக்டர் எம்சி கொடுத்தும், மரத்தை விட்டுவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று பயந்து காய்ச்சலோடு வெட்டுக்குப் போகிறவர்களைச் செக்ரோலில் நாம் பார்க்கிறோம். அந்தப் பயத்தைப் போக்குவது சங்கத்தின் வேலை. பாராகுவாட் களைக்கொல்லி இந்நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. எத்தனையோ ஆண்டு மருந்து தெளித்த நம் பெண்களின் மூச்சுக்குப் பின்னால் வந்த தடை அது. இப்போது தெளிக்கும் மருந்துகளுக்கும் கையுறை, முகக்கவசம், பூட்ஸ் கேட்டு வாங்குவது நம் உரிமை. கொடுத்ததைப் போட்டுக்கொள்வது நம் கடமை.

ஆகவே செயற்குழுவின் சார்பில் மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுகாதாரக் கிளினிக்காரர்களைப் பெரட்டுக் களத்துக்கே அழைத்துச் சோதனை நடத்த நிர்வாகம் இடமும் நேரமும் தர வேண்டும். சோதனைக்குப் போகும் காலை நேரத்துக்குச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது. பால் நிறுக்கும் இடத்தில் நிழலும் சுத்தமான குடிநீரும் வேண்டும். குளிர்ந்த தண்ணீர் இல்லாத இடத்தில்தான் தொழிலாளி சீனித் தண்ணீரை வாங்கிக் குடிக்கிறான். கைதூக்கி இவற்றை நிறைவேற்றித் தாருங்கள். நிர்வாகத்தின் மேசைக்குக் கொண்டு போவது எங்கள் பொறுப்பு.

அதற்கு ஈடாக உங்களிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த மண்டபத்தின் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். நாற்பதைக் கடந்தவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த சம்பள நாளுக்குள் உங்களைத் தொகுதி தொகுதியாகக் கிளினிக்குக்கு அழைத்துப் போவோம். அதில் முதல் பெயர் நம் பெரியவருடையது. சோதனைக்காக அல்ல, ஒற்றைக் காலோடு வண்டியில் வந்து, கிளினிக் வாசலில் உட்கார்ந்து, பயப்படுகிறவர்களோடு பேசுவதற்குத் தாமே முன்வந்திருக்கிறார்.

இத்தனை ஆண்டு உங்கள் பெயர்களை வேலைக்காகச் செக்ரோலில் எழுதினோம். இன்றைக்கு வாழ்வுக்காக எழுதச் சொல்கிறோம். வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!